கருவேலம் ஏன் இப்போது அகேசியா இல்லை? உயிரினங்களை வகைப்படுத்தும் முறையும் பெயர் மாற்றக் குழப்பமும்

சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும் என்ற செய்தி தமிழகத்தில் அடிக்கடி வருகிறது. நீதிமன்ற உத்தரவானாலும் அரசுக் குறிப்பானாலும், அதில் மரத்தின் அறிவியல் பெயர் ‘ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அண்மைய தாவரவியல் கட்டுரைகளிலோ அதே மரம் ‘நெல்டுமா ஜூலிஃப்ளோரா’. நம்மூர்க் கருவேலத்தின் நிலை இதைவிட மோசம்: பழைய வனத்துறை நூல்களில் ‘அகேசியா அராபிகா’, பின்னால் வந்த பாடநூல்களில் ‘அகேசியா நிலோட்டிகா’, இன்றைய தரவுத்தளங்களில் ‘வச்செலியா நிலோட்டிகா’. மூன்றும் ஒரே மரம்தான்.

ஊருக்கு ஊர் மாறும் வட்டாரப் பெயர்களின் குழப்பத்தைத் தீர்க்கத்தானே அறிவியல் பெயர் வந்தது, அதுவும் மாறிக்கொண்டே இருந்தால் எப்படி என்று கேட்பது நியாயம். விடை புரிய வேண்டுமானால், பெரும்பாலும் ஒன்றாகவே போட்டுக் குழப்பப்படும் இரண்டு கேள்விகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. எந்தெந்த உயிரினங்கள் ஒரே குழு? இது அறிவியல் கேள்வி. சான்று பார்த்துத் தீர்ப்பது.
2. அந்தக் குழுவை எந்தப் பெயரால் அழைப்பது? இது ஏறக்குறைய சட்டக் கேள்வி. விதி பார்த்துத் தீர்ப்பது. விதி முட்டுக்கட்டை போட்டால் வாக்கெடுப்பு.

கருவேலத்தின் கதையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அதனால்தான் அது வழக்கத்தைவிடப் பெரிய சண்டையாயிற்று.

## இரண்டு சொல் பெயர் என்ன சொல்கிறது?

1700களின் முற்பகுதிவரை ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு செடியை லத்தீனில் ஒரு முழு வர்ணனையால் அழைத்தார்கள்: இலை இப்படி, பூ இப்படி, காய் இப்படி என்று. அதைப் போலவே இன்னொரு செடி கிடைத்தால், இரண்டையும் பிரித்துச் சொல்ல வர்ணனை இன்னும் நீளும். ஸ்வீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் இதை இரண்டே சொல்லாகச் சுருக்கினார். தாவரங்களுக்கு அவர் 1753இல் வெளியிட்ட நூலும் விலங்குகளுக்கு 1758இல் வெளியிட்ட பதிப்பும்தான் இன்றுவரை தொடக்கக் கோடு. அதற்கு முன் வைத்த பெயர்களைப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் சொல் பேரினம். இரண்டாம் சொல் அந்தப் பேரினத்துக்குள் எந்தச் சிற்றினம் என்று காட்டுவது. நாகப்பாம்பு ‘நாஜா நாஜா’. நாகம் என்ற நம் சொல்லே லத்தீன் வேடம் போட்டு இரண்டு முறை வந்திருக்கிறது. விலங்குப் பெயர்களில் இப்படி ஒரே சொல் இரண்டு முறை வரலாம். தாவரப் பெயர்களில் கூடாது. இரு துறைகளுக்கும் தனித்தனி விதித்தொகுப்புகள் இருப்பதால் இந்த வேறுபாடு. ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்வதில்லை. ஆலும் அரசும் அடங்கிய ‘ஃபைகஸ்’ என்ற பெயரிலேயே ஒரு கடல் நத்தைப் பேரினமும் சட்டப்படி வாழ்கிறது.

பேரினத்துக்கு மேலே குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம் என்று படிகள் ஏறும். இலங்கைப் பாடநூல்களில் பேரினம் ‘சாதி’ என்றும் சிற்றினம் ‘இனம்’ என்றும் வரும்; இரு கரை நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் படிகளுக்கு இயற்கையில் அளவுகோல் எதுவும் கிடையாது. எவ்வளவு பெரிய கூட்டத்தைக் குடும்பம் என்பது, எப்போது அதை வரிசையாக உயர்த்துவது என்பதெல்லாம் வசதிக்காக நாம் போட்டுக்கொண்டவை.

ஆனால் பேரினப் பெயரில் ஓர் உறுதிமொழி ஒளிந்திருக்கிறது: ‘இந்த இனம் இன்னின்ன இனங்களோடு உறவுடையது’ என்பது. உறவு பற்றிய கருத்து மாறினால் முதல் சொல்லும் மாறியாக வேண்டும். ஒரு ரேஷன் கார்டில் பெயரை நீக்கி இன்னொரு கார்டில் சேர்ப்பதுபோல. ஆள் அதே ஆள்தான். இரண்டாம் சொல்லும் பெரும்பாலும் அப்படியே கூட வரும். லின்னேயஸ் கருவேலத்துக்கு 1753இல் வைத்த பெயர் ‘மிமோசா நிலோட்டிகா’. தொட்டாற்சிணுங்கியையும் அதே மிமோசாவுக்குள்தான் வைத்திருந்தார். பேரினம் இரண்டு முறை மாறிய பின்னும், நைல் நதியைக் குறிக்கும் ‘நிலோட்டிகா’ ஒட்டிக்கொண்டே வருகிறது.

## தோற்றத்தைப் பார்ப்பதா, வம்சத்தைப் பார்ப்பதா?

உயிர்களைக் குழுவாகப் பிரிப்பது மனிதருக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உட்புறம் வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். இன்றைய பாடநூல் பனையையும் மூங்கிலையும் நெல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்கிறது. ‘அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று இதைவைத்துக் கூத்தாடுவது மிகை. தண்டின் உள்ளமைப்பைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லலாம், அதுவே சிறிய விஷயம் இல்லை.

லின்னேயஸ் பார்த்தது பூவின் மகரந்தத் தாள்களை. எத்தனை, எப்படி அமைந்திருக்கின்றன என்று எண்ணி, தாவரங்களை 24 வகுப்புகளாக அடுக்கினார். புதுச் செடி கையில் கிடைத்தால் எண்ணிப் பார்த்து இடம் கண்டுபிடித்துவிடலாம். நூலகத்தில் புத்தகத்தை உயரப்படி அடுக்குவது போன்ற வசதி இது. தேட எளிது, உள்ளடக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை.

1859இல் டார்வின் எல்லா உயிர்களும் பொது மூதாதைகளிலிருந்து கிளைத்தவை என்று வாதிட்ட பிறகு கேள்வியே மாறிற்று. அடுக்க வேண்டியது ஒற்றுமையை அல்ல, வம்சத்தை. ஆனாலும் எதை வம்சக் குழு என்று ஒப்புக்கொள்வது என்பதற்குக் கறாரான விதி வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் அதை எழுதினார்.

அவர் விதியை ஒரு வேப்பமரத்தை வைத்து விளக்கலாம். இன்று உயிரோடு இருக்கும் இனங்கள் நுனி இலைகள். கிளை பிரியும் கவட்டைகள் மறைந்துபோன மூதாதைகள். அரிவாளால் ஓரிடத்தில் ஒரே வெட்டு போட்டால் ஒரு கொப்பு விழும். அந்தக் கொப்பு முழுவதும், ஓர் இலையும் விடாமல், ஒரு குழு. இப்படிப் பார்த்தால் வழக்கில் உள்ள குழுக்கள் மூன்று விதம்.

1. ஒரே வெட்டில் விழும் முழுக் கொப்பு. பறவைகள், பாலூட்டிகள், ஒருவித்திலைத் தாவரங்கள். இவை மட்டுமே ஏற்கத்தக்கவை.

2. கொப்பிலிருந்து ஒரு சிம்பை ஒடித்துப் போட்டுவிட்டு மீதியை மட்டும் குழு என்பது. பள்ளியில் படித்த ‘ஊர்வன’ இந்த ரகம். முதலைக்கு நெருங்கிய உறவு பல்லியைவிடக் காக்கைதான். முதலையும் பல்லியும் உள்ளே, காக்கை வெளியே என்றால் கொப்பு முழுமையாக இல்லை. ‘மீன்’ என்பதும் அப்படியே: நுரையீரல் மீனுக்கு மத்தி மீனைவிட நாமே நெருங்கிய சொந்தம். ‘இருவித்திலைத் தாவரங்கள்’ என்ற பாடநூல் பிரிவும் இதில் அடிபட்டுப் போயிற்று. மிளகும் சீத்தாவும் இலவங்கப்பட்டையும் அல்லியும், ஆலும் வேம்பும் அடங்கிய பெருங்கிளையில் சேரவில்லை. அவை முன்னமே பிரிந்தவை. ஒருவித்திலை, இருவித்திலை என்ற ஜோடியில் முதலாவது தப்பியது, இரண்டாவது உடைந்தது.

3. வெவ்வேறு கொப்புகளிலிருந்து நுனிகளைக் கிள்ளி எடுத்து ஒரு கட்டாகக் கட்டுவது. நம்மூர்ப் பாறுக் கழுகுகளும் அமெரிக்கப் பாறுகளும் மொட்டைத் தலையோடு பிணம் தின்பவை. பார்த்தால் ஒரே கூட்டம். ஆனால் நம்முடையவை பருந்துக் குடும்பம். அமெரிக்கப் பாறுகள் வேறு குடும்பம். ஒரே தொழில் ஒரே உடலமைப்பைக் கொடுத்திருக்கிறது.

## தாமரையும் அல்லியும்

மூன்றாவது வகைத் தவறுக்குத் தமிழ் வாசகருக்குத் தாமரையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. குளத்தில் தாமரையும் அல்லியும் அருகருகே. இரண்டும் சேற்றில் வேரூன்றி, அகன்ற வட்ட இலை விரித்து, பல அடுக்கு இதழோடு பூக்கின்றன. லின்னேயஸும் தாமரையை ‘நிம்ஃபேயா நெலும்போ’ என்று அல்லியின் பேரினத்துக்குள்ளேயே வைத்தார்.

கவனித்துப் பார்த்தால் வேறுபாடுகள் உண்டு. அல்லி இலையில் காம்பு சேருமிடம்வரை ஒரு வெட்டு இருக்கும், இலை தண்ணீர் மேல் படுத்துக் கிடக்கும். தாமரை இலையில் வெட்டு கிடையாது. முற்றிய இலைகள் நீருக்கு மேலே எழுந்து நிற்கும். அதில் நீர் ஒட்டாது. அல்லிக் காய் தண்ணீருக்குள் முதிரும். தாமரை விதைகளோ புனல் போன்ற ஒரு தாங்கியில் குழி குழியாகப் பதிந்து வெளியே தெரியும். இதையெல்லாம்விட முக்கியமான சாட்சி நுண்ணோக்கியில் தெரிவது: அல்லியின் மகரந்தத் துகளில் ஒரே ஒரு திறப்பு, தாமரையின் துகளில் மூன்று. மூன்று திறப்பு என்பது ஆல், வேம்பு, மா எல்லாம் அடங்கிய பெருங்கிளையின் அடையாளம்.

பிறகு டி.என்.ஏ. ஒப்பீடு வந்தது. அல்லி, பூக்கும் தாவரங்களின் அடிமரத்திலிருந்து மிக முந்திப் பிரிந்த கிளைகளில் ஒன்று. தாமரை அங்கே இல்லவே இல்லை. அதன் இன்றைய உறவினர்கள் காஷ்மீரின் சினார் மரமும், நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக்கும், மக்கடேமியாப் பருப்பு மரமும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன உறவு என்பதால் முகச்சாயல் ஒன்றும் மிஞ்சவில்லை. குளத்து வாழ்க்கைதான் தாமரையை அல்லிபோல ஆக்கியது.

தமிழில் இரண்டுக்கும் எப்போதும் வேறு வேறு பெயர்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். அல்லியை ஆம்பல், குவளை என்று மேலும் பிரித்தார்களே தவிர, தாமரையை அதனோடு சேர்க்கவில்லை.

## டி.என்.ஏ. வந்த பிறகு கலைந்த குடும்பங்கள்

தாவரங்களில் பெரும்பாலும் இலையின் பசுங்கணிகத்திலுள்ள மரபணுக்களை ஒப்பிடுவார்கள். ஒரே மரபணுவை நூற்றுக்கணக்கான இனங்களிலிருந்து எடுத்து, எழுத்து எழுத்தாக அடுக்கி, எந்த மாற்றத்தை யார் யார் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கணினியில் கணக்கிடுவது வழி. வெறும் ஒற்றுமை போதாது. பொது மூதாதையிடம் புதிதாகத் தோன்றி வாரிசுகளுக்கு மட்டும் வந்த மாற்றம்தான் சாட்சி. பல நாட்டுத் தாவரவியலாளர்கள் சேர்ந்து இப்படிக் கிடைத்த முடிவுகளை 1998இல் முதல் முறை தொகுத்தார்கள். 2016இல் வந்த நான்காம் பதிப்பு பூக்கும் தாவரங்களை 64 வரிசைகளாகவும் 416 குடும்பங்களாகவும் பிரிக்கிறது.

நமக்குத் தெரிந்த செடிகள் பல இதில் வீடு மாறின. தேக்கு துளசிக் குடும்பத்துக்கு வந்தது. எருக்கு, அரளிக் குடும்பத்தோடு சேர்ந்தது. இலவ மரத்துக்கென்று இருந்த தனிக் குடும்பம் கலைந்து, அது வெண்டையும் பருத்தியும் இருக்கும் குடும்பத்துக்குள் போயிற்று. இலவம்பஞ்சும் பருத்திப்பஞ்சும் ஒரே குடும்பத்துக்குள் வந்ததில் யாருக்கும் வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன். இந்திய உலர்தாவரத் தொகுப்பகங்களில் தாள்கள் இன்னும் பெரும்பாலும் 1862 முதல் 1883 வரை வெளிவந்த பெந்தம், ஹூக்கர் முறைப்படியே அடுக்கப்பட்டிருப்பதால், அலமாரியில் ஒரு வரிசை, ஆய்வுக் கட்டுரையில் வேறொரு வரிசை என்ற நிலை.

விலங்குகளில் நமக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு. இமயமலையிலும் அரேபியாவிலும் நீலகிரியிலும் இருந்த மூன்று மலையாடுகளையும் முன்பு ‘ஹெமிட்ராகஸ்’ என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு மூன்றுக்கும் மூன்று வழி காட்டியது. இமயமலையாடு வெள்ளாட்டுப் பக்கம். நம் வரையாடு செம்மறிப் பக்கம். அரேபியாவில் உள்ளது வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டுப் பக்கம். எனவே வரையாட்டுக்கு ‘நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ்’ என்று தனிப் பேரினமே வந்தது. உலகில் அந்தப் பேரினத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

## கருவேலத்தின் வழக்கு

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். ‘அகேசியா’ என்ற பேரினத்தை 1754இல் ஆங்கிலேயத் தோட்டக்கலையாளர் பிலிப் மில்லர் வெளியிட்டார். காலப்போக்கில் அது 1,300க்கும் மேற்பட்ட இனங்களோடு வீங்கிப் போனது. அதில் ஏறக்குறைய ஆயிரம் ஆஸ்திரேலியாவைச் சார்ந்தவை. மீதி ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா.

இது ஒரே கொப்பு இல்லை என்பதை மரபணு காட்டுவதற்கு முன்பே முள் காட்டியது. தமிழில் எல்லாவற்றையும் முள் என்றே சொல்கிறோம். ஆனால் செடி முள்ளை எந்த உறுப்பிலிருந்து செய்துகொள்கிறது என்பது வம்சத்தைச் சொல்லும்.

1. கருவேலம், வெள்வேலம்: இலைக்காம்பின் அடியில் இருபுறமும் இருக்க வேண்டிய இலையடிச் செதில்கள் இரண்டும் நீண்டு முள்ளாகின்றன. அதனால் எப்போதும் ஜோடி முள். இந்தக் கூட்டத்தில் சுமார் 160 இனங்கள்.

2. சீயக்காய், காசுக்கட்டி எடுக்கும் மரம்: இலையடிச் செதிலுக்கும் முள்ளுக்கும் தொடர்பில்லை. தோலிலிருந்து கொக்கிபோல் வளைந்த முட்கள் முளைக்கின்றன. சீயக்காய்க் கொடி சட்டையைப் பிடித்து இழுப்பது இந்தக் கொக்கிகளால்.

3. ஆஸ்திரேலியக் கூட்டம்: பெரும்பாலும் முள்ளே இல்லை. பலவற்றில் முதிர்ந்த மரத்துக்கு உண்மையான இலையும் இல்லை. இலைக்காம்பே தட்டையாகி இலை வேலை பார்க்கிறது. சாலையோரத்தில் நட்டிருக்கும் கத்திச் சவுக்கின் ‘இலை’ அப்படிப்பட்ட காம்புதான்.

இவற்றோடு அமெரிக்காவில் மட்டும் உள்ள இரண்டு சிறு கூட்டங்களும் சேர்ந்து, பழைய அகேசியா ஐந்து பேரினங்களாக உடைந்தது. இதுவரை வந்தது அறிவியல். உடைக்க வேண்டும் என்பதில் பெரிய தகராறு இல்லை. அடுத்த கேள்வியில்தான் தீ பிடித்தது: ஐந்தில் எது அகேசியா என்ற பெயரை வைத்துக்கொள்ளும்?

## பெயர் யாருக்குச் சொந்தம்?

பெயரிடல் விதிகளில் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

1. முந்தியவர் உரிமை. ஒரே குழுவுக்கு இரண்டு பெயர் இருந்தால், விதிப்படி முதலில் வெளியான பெயரே நிற்கும்.

2. வகைமாதிரி. ஒவ்வொரு பெயரும் ஓர் ஆணியில் மாட்டப்பட்டிருக்கிறது. சிற்றினப் பெயருக்கு ஆணி, ஒரு தொகுப்பகத்தில் தாளில் ஒட்டிவைத்த ஒரு குறிப்பிட்ட உலர் மாதிரி. கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற இடங்களின் மதிப்பு இதனால்தான். பேரினப் பெயருக்கு ஆணி, ஒரு குறிப்பிட்ட சிற்றினம். குழு உடையும்போது ஆணி எந்தத் துண்டில் இருக்கிறதோ, பழைய பெயர் அந்தத் துண்டுக்கு.

அகேசியாவின் ஆணி எது தெரியுமா? கருவேலம்தான். விதியை நேராகப் பின்பற்றினால் கருவேலமும் அதன் 160 உறவினர்களும் அகேசியாவாகவே இருந்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் ஆயிரம் இனங்கள் ‘ரேகோஸ்பெர்மா’ என்று மாறியிருக்கும். ஆஸ்திரேலியாவின் தேசிய மலர் ஓர் அகேசியா. அந்நாட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

விதித்தொகுப்பில் ஒரு விலக்கும் உண்டு. விதியைப் பின்பற்றினால் பெருங்குழப்பம் வரும் என்றால், ஒரு பெயரைக் ‘காப்புப் பெயர்’ ஆக்கி, ஆணியையே இடம் மாற்றி அடிக்கலாம். 2003இல் அப்படி ஒரு முன்மொழிவு வந்தது: அகேசியாவின் வகைமாதிரியாகக் கருவேலத்தை நீக்கி, ஓர் ஆஸ்திரேலிய இனத்தை வைக்க வேண்டும் என்று. வாதம் எளிது: ஆயிரம் பெயரை மாற்றுவதைவிட 160ஐ மாற்றுவது மேல். எதிர்வாதமும் எளிது: ஆஸ்திரேலிய இனங்கள் ஏறத்தாழ ஒரே கண்டத்துக்குள், மற்றவை ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எத்தனையோ நாடுகளில், எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது சரியா?

2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு. முன்மொழிவை ஏற்கலாம் என்ற நிபுணர் குழுவின் பரிந்துரையை எதிர்த்தவர்கள் பாதிக்கு மேல். ஆனால் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 சதவீதம் வேண்டும், அவ்வளவு வரவில்லை. ஆக, பெரும்பான்மை எதிர்த்தும் தீர்மானம் நின்றது. இந்த நடைமுறையே செல்லாது என்று ஆறு ஆண்டுகள் சண்டை நடந்தது. 2011இல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதி செய்தது. மாநாடு நடந்த ஊரும் ஆஸ்திரேலியாவிலேயே அமைந்தது தற்செயல்தான், ஆனால் ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்களுக்கு அது இனித்திருக்காது.

பெயர் இழந்த கருவேலத்துக்குப் புதுப் பெயர் யாரும் புனையவில்லை. அந்தத் துண்டுக்குள் ஏற்கெனவே வெளியான பெயர்களில் உரிமையுள்ளது எது என்று தேடினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக மதராஸுக்கு வந்து தென்னிந்தியத் தாவரங்களைத் தொகுத்த ராபர்ட் வைட், வாக்கர்-ஆர்னாட்டோடு சேர்ந்து 1834இல் கஸ்தூரி வேலத்துக்கு ‘வச்செலியா’ என்று தனிப் பேரினம் வைத்திருந்தார். வச்செல் என்ற பாதிரியாரின் நினைவாக வைத்த பெயர். அதை நெடுங்காலம் யாரும் பயன்படுத்தவில்லை; தூசி தட்டி எடுத்துவந்தார்கள். 2008இல் கருவேலம் முறைப்படி வச்செலியா நிலோட்டிகா ஆனது.

விளைவு வேடிக்கையானது. காலங்காலமாக இங்கே நிற்கும் கருவேலமும் வெள்வேலமும் அகேசியா இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலைப் புல்வெளியை ஆக்கிரமித்து, வெட்டி அகற்றச் சொல்லி நீதிமன்றம்வரை போன ஆஸ்திரேலிய வாட்டில் மரம் அசல் அகேசியா. அதை நீலகிரியில் ‘சீகை’ என்பார்கள். தலைக்குத் தேய்க்கும் சீகைக்காயோ வேறு பேரினமான செனகேலியா.

## சீமைக்கருவேலமும் வன்னியும்

ப்ரோசோபிஸ் கதையில் வாக்கெடுப்பு இல்லை. விதி நேராக வேலை செய்தது. அந்தப் பேரினத்தில் சுமார் 57 இனங்கள் இருந்தன. 2022இல் வெளிவந்த ஆய்வு, அது ஒரே கொப்பு இல்லை என்று காட்டிப் பிரித்தது. லின்னேயஸ் 1767இல் ப்ரோசோபிஸ் என்ற பெயரை வைத்ததே இந்தியாவிலிருந்து கிடைத்த ஒரு மரத்துக்கு. அது நம் வன்னி மரம். ஆணி வன்னியில் இருந்ததால், வன்னியும் அதன் இரண்டு உறவினர்களும் மட்டும் ப்ரோசோபிஸ். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த 43 இனங்கள், சீமைக்கருவேலம் உட்பட, ‘நெல்டுமா’ என்ற 1838ஆம் ஆண்டுப் பெயருக்குப் போயின.

இதில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. கோயில்களில் தல விருட்சமாக நிற்பதும், ராஜஸ்தான், தெலங்கானா இரண்டுக்கும் மாநில மரமாக இருப்பதுமான வன்னியும், ஊரெல்லாம் வெட்டச் சொல்லும் சீமைக்கருவேலமும் இதுவரை காகிதத்தில் ஒரே பேரினம். இனி அப்படி இல்லை. களத்தில் பிரித்தறிவது இப்படி:

1. கருவேலம்: பூங்கொத்து மஞ்சள் உருண்டை. காய் வெண்சாம்பல் நிறம், விதைக்கு விதை இடுங்கி மணிமாலைபோல் இருக்கும்.
2. சீமைக்கருவேலம்: பூங்கொத்து வெளிறிய மஞ்சளில் நீண்ட கதிர். காய் இடுங்காமல் தடித்து, பழுத்தால் வெளிர்மஞ்சள். முட்கள் கணுக்களில், இலைக்கக்கத்திலிருந்து வரும்.
3. வன்னி: இதுவும் கதிர்தான். ஆனால் சிறு முட்கள் கணுவில் இல்லாமல் கணுக்களுக்கு இடையே சிதறியிருக்கும்.

‘சீமைக்கருவேலம்’ என்ற தமிழ்ப் பெயர் உறவைச் சொல்வதில்லை. சீமையிலிருந்து வந்த, கருவேலம் மாதிரியான ஒன்று என்று மட்டும் சொல்கிறது. அந்த அளவில் அது நேர்மையான பெயர்.

## பெயர் மாறினால் யாருக்கு என்ன?

1. சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வரையாடு ‘ஹெமிட்ராகஸ் ஹைலோகிரியஸ்’ என்றுதான் ஏறியது. ஆய்வுக் கட்டுரையில் பேரினம் மாறியதும் சட்டப் பட்டியல் தானாக மாறாது, திருத்த வேண்டும். பட்டியலில் வழக்குப் பெயரும் சேர்ந்தே இருப்பதால் பாதுகாப்பு அறுந்துபோவதில்லை. ஏற்றுமதி, இறக்குமதித் தாள்களில்தான் இரண்டு பெயரும் மோதி வேலை தாமதமாகும்.

2. மருந்துக்கடை. கருவேலம்பட்டை சேர்ந்த பற்பொடியில் ‘அகேசியா அராபிகா’ என்றோ, சீயக்காய்த் தூளில் ‘அகேசியா கன்சின்னா’ என்றோ போட்டிருந்தால் அது கலப்படத்துக்கு அடையாளம் அல்ல. பழைய பெயர், அவ்வளவே. பழைய பெயர் செல்லாக்காசாகிவிடாது. இணைப்பெயர் என்ற முறையில் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும்.

3. வட்டாரப் பெயர் மட்டும் போதும் என்பவர்களுக்குக் கருங்காலி ஒரு பதில். கருங்காலி மாலை விற்பனை சூடுபிடித்திருக்கும் நேரத்தில், அந்தச் சொல் குறைந்தது இரண்டு மரங்களைக் குறிக்கிறது: டயோஸ்பைரோஸ் பேரினத்து எபனி ஒன்று, காசுக்கட்டி தரும் செனகேலியா வகை மற்றொன்று. இவை ஒரே குடும்பம்கூட இல்லை. எந்த மரம் என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பெயர்ப்பலகை உதவாது.

4. தேடல். ஒரு மரத்தைப் பற்றித் தேடும்போது எல்லா இணைப்பெயர்களையும் போட்டுத் தேட வேண்டும். புங்கம் இதற்குப் பாடம்: ‘பொங்காமியா’ என்ற பெயரே புங்கத்திலிருந்து போனது, நடுவில் ‘மில்லேட்டியா’, ‘டெர்ரிஸ்’ என்றெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி பொங்காமியாவுக்கே வந்திருக்கிறது. அதன் எண்ணெயிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆய்வுகள் இந்த மூன்று பெயர்களிலும் சிதறிக் கிடக்கின்றன.

5. அடைப்புக்குறி. முழு அறிவியல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆளின் பெயரோ சுருக்கமோ இருந்தால், இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவர் அவர், ஆனால் வேறு பேரினத்தில் வைத்தார் என்று பொருள். கருவேலத்துக்குப் பின்னால் லின்னேயஸ் அடைப்புக்குறிக்குள் நிற்பது அதனால். தாவரமென்றால் குறிக்கு வெளியே உள்ளவர்கள் இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர்கள்.

பெயர்கள் இதோடு நிலைத்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். காப்பிரி என்ற இழிசொல்லிலிருந்து வந்த ‘காஃப்ரா’ என்ற சிற்றினப் பெயர்களை, ஆப்பிரிக்காவைக் குறிக்கும் ‘ஆஃப்ரா’ என்று மாற்ற 2024 மாட்ரிட் மாநாடு முடிவு செய்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் இதில் அடக்கம். அகேசியாவிலிருந்து உடைந்த செனகேலியாவும் ஒரே வெட்டில் விழும் கொப்பு இல்லை என்று தெரிந்து, 2017இல் அதிலிருந்து மேலும் இரண்டு பேரினங்கள் பிரிக்கப்பட்டன. சீயக்காய் இப்போதைக்குச் செனகேலியாவிலேயே இருக்கிறது.